படிவம் கேட்கும் பச்சை வார்த்தைகள்: வேதாளைக் கருவாட்டுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்குப் பக்கம் இருக்கிற கடற்கரை ஊர் வேதாளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்த மகளிர் குழு கருவாடு, முண்டு மிளகாய்த் தூள், கருப்பட்டி மூன்றையும் விற்கிறது. சென்னையில் ஒரு கடை மொத்தமாக எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம். பொருள் சஸ்டெய்னபிளா, கார்பன் நியூட்ரலா, பேக்கிங் பயோடிகிரேடபிளா, ரீசைக்கிள் ஆகுமா, ஆர்கானிக்கா, எகோ ஃபிரெண்ட்லியா என்று வரிசையாகக் கேள்விகள். பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். “எல்லாத்துக்கும் ஆம் போட்டுறலாமாண்ணே, இல்ல பின்னால வம்பாகுமா? இதுக்கெல்லாம் என்னதான் அர்த்தம்?” என்று கேட்கிறார்.

வம்பாகும், தங்கச்சி. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்துவிட்டது. ‘பசுமையானது’, ‘சூழலுக்கு உகந்தது’, ‘இயற்கையானது’ என்றெல்லாம் பொத்தாம்பொதுவாகப் போட்டு விற்றால், எந்த வகையில், எந்த ஆதாரத்தில் என்று சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாமல் பச்சை வர்ணம் பூசிக்கொள்வதற்குத்தான் கிரீன்வாஷிங் என்று பெயர். கடைக்காரர் இந்தப் படிவத்தை அனுப்பியது கடல் மேல் உள்ள அக்கறையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்து நீட்ட அவருக்கு ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளில் இருக்கப்போவது உங்கள் அம்மாவின் கையெழுத்து.

அதே சமயம் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடவும் தேவையில்லை. இந்தக் கேள்விகளில் பாதிக்கு உங்கள் குழு ஏற்கனவே நல்ல பதில் வைத்திருக்கிறது. கட்டத்தில் டிக் அடிக்காமல் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். இந்த வார்த்தைகள் எல்லாமே ஏதாவது ஒரு கணக்கோடு சேர்ந்தால்தான் பொருள்படும்: எவ்வளவு, எங்கே, எத்தனை நாளில், எதோடு ஒப்பிட்டு. கணக்கு இல்லாத இடத்தில் அந்த வார்த்தையை எழுதாதீர்கள்.

முதலில் சஸ்டெய்னபிள். நிலைத்த, நீடித்த, வளங்குன்றா என்று அரசுத் தாள்களில் பல பெயரில் வரும். 1987இல் ஐ.நா.வின் ப்ருண்ட்லண்ட் ஆணையம் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்: இன்றைக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பின்னால் வருகிறவர்கள் தங்களுக்குத் தேவையானதை எடுக்க முடியாமல் போகும்படி எடுக்கக் கூடாது. இதற்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பாம்பன் பக்கம் சின்னப்பாலம் வரை போனால் போதும்.

அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறையில் கை வைக்கிற வேலை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, தீவுப் பக்கம் போனாலே தகராறு. ஒருபக்கம் வனத்துறை தடுத்தது, இன்னொரு பக்கம் பாசியும் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, இரும்பை வைத்துப் பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்கிற சர்வதேச விருது கிடைத்தது.

அந்த 12 நாள்தான் கணக்கு. மீதி நாளில் பாசி வளர்கிறது. அடியோடு சுரண்டாததால் விட்ட இடத்திலிருந்தே துளிர்க்கிறது. எடுக்கிற வேகம் வளர்கிற வேகத்தைத் தாண்டவில்லை என்றால் அது சஸ்டெய்னபிள், தாண்டினால் இல்லை. வேறு விளக்கம் தேவையில்லை. தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கடலிலேயே சாட்சி உண்டு. சுண்ணாம்புக்கும் ஆலைக்குமாகப் பல வருடம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறை வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும், வேகமான வகை என்றால் சில சென்டிமீட்டர். வெட்டியது டன் கணக்கில். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 தீவு என்று இன்றும் எழுதுகிறோம், பார்க்கக் கிடைப்பது அத்தனை இல்லை.

இப்போது உங்கள் கருவாட்டுக்கு வருவோம். கருவாடு சஸ்டெய்னபிளா என்று கேட்டால், அதைக் காயப்போடுகிற உங்கள் முற்றத்தில் பதில் கிடைக்காது. மீன் எந்த வலையில் வந்தது என்பதில் இருக்கிறது. விசைப்படகு இழுக்கிற இழுவை மடி என்ற வலை கடல் தரையைத் தடவிக்கொண்டு போகும்போது இறாலோடு சேர்ந்து குஞ்சும் குட்டியும் வருகிறது. நாம் சங்காயம் என்று ஒதுக்கி, மீன்மாவு ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் அனுப்புகிறோமே, அதைத்தான் பைகேட்ச் என்று படிவத்தில் கேட்கிறார்கள். குறி வைக்காமல் மாட்டியது என்று அர்த்தம். அடுத்த வருடம் பெரிய மீனாக வந்திருக்க வேண்டியது இந்த வருடம் கிலோ சில ரூபாய்க்குப் போகிறது. மீன் தானாக வந்து சிக்குகிற வழிவலையிலும் தூண்டிலிலும் இந்தச் சேதாரம் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வழிவலையில் ஆமை சிக்குவது உங்களுக்குத் தெரியாததல்ல.

கடலுக்கும் ஓய்வு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு போகாது. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு இருக்கிறது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டை மடி தடை செய்யப்பட்ட வலை. ஆகவே குழு யாரிடம் மீன் எடுக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்: தேதி, எந்தக் கரை, நாட்டுப்படகா விசைப்படகா, எந்த வலை, என்ன மீன், எத்தனை கிலோ. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ட்ரேசபிலிட்டி என்று ஒரு பெரிய வார்த்தை இருக்கிறதே, அது இந்த நோட்டுதான். பொருள் வந்த வழியைத் திரும்பிப் பார்க்க முடிகிறதா என்ற கேள்வி. பெரிய கம்பெனிகள் இதற்கு சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள், உங்களுக்கு நாற்பது ரூபாய் நோட்டுப் போதும். சஸ்டெய்னபிள் என்ற கட்டத்தில், ‘நெத்திலியும் காரலும் நாட்டுப்படகில் வழிவலையில் பிடித்தவை, இழுவை மடி மீனோ சினை நண்டோ நாங்கள் வாங்குவதில்லை, கொள்முதல் நோட்டு உள்ளது’ என்று எழுதலாம். உண்மையில் அப்படித்தான் வாங்குகிறீர்கள் என்றால் மட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சில சுறா, திருக்கை வகைகளும் அப்படித்தான். திருக்கைக் கருவாடு கேட்கிறார்கள் என்று எது கிடைத்தாலும் வாங்கிக் காயப்போட்டுவிடாதீர்கள். எந்த வகை என்று மீன்வளத் துறையிலோ மண்டபம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எகோ ஃபிரெண்ட்லி என்ற கட்டத்தை எடுத்த எடுப்பிலேயே அடித்துவிடலாம் என்பது என் கட்சி. எந்தக் கணக்குமே இல்லாத வார்த்தை அது. யாருக்கு நட்பு, எந்த இடத்தில் நட்பு? மண்டபம், பாம்பன் கரையில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் பாசியைப் பாருங்கள். உரம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், சுமார் 45 நாளில் அறுவடை, நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கையில் காசு. இதைவிட சூழலுக்கு உகந்த தொழில் உண்டா என்று தோன்றும். ஆனால் அது இந்தக் கடலில் பிறந்த பாசி இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. மிதவையிலிருந்து பிய்ந்துபோன துண்டுகள் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து அதை மூடிவிட்டதை 2008 வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். படிவத்தில் இன்வேசிவ் ஸ்பீஷீஸ் என்று வந்தால் இதுதான்: வெளியிலிருந்து வந்து, இங்கே இருப்பதை அமுக்கிவிட்டு வளர்வது. கரையில் நம் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நிற்கிற சீமைக் கருவேலம் இன்னொன்று. ஒரே பாசி வீட்டுக்கு வருமானமாகவும் பாறைக்குப் பாரமாகவும் இருக்கும்போது, ஆம் இல்லை என்ற இரண்டு கட்டத்தில் அதை எங்கே வைப்பது?

கார்பனுக்கு வருகிறேன். ஆட்களைப் பெரும்பாலும் பயமுறுத்துவது இதுதான், ஆனால் உண்மையில் இருப்பதிலேயே எளிமையான கணக்கும் இதுதான். கார்பன் தடம் என்றால், ஒரு பொருளை உண்டாக்கிக் கொண்டுசேர்ப்பதற்குள் எவ்வளவு கரியமில வாயுவும் அதுபோன்ற சூடேற்றும் வாயுக்களும் காற்றில் கலந்தன என்ற எடை. சில எண்களைத் தெரிந்துகொண்டால் வீட்டிலேயே போட்டுவிடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 42 கிலோ. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டுச் சராசரி ஏறக்குறைய 0.7 கிலோ. (லிட்டருக்கு எடை ஒரு கிலோவுக்கும் குறைவான டீசலிலிருந்து 2.7 கிலோ எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். டீசலில் இருக்கிற கரி, எரியும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, அந்த எடைதான் கூடுகிறது.)

ஒரு பேச்சுக்கு, ஒரு வள்ளம் 20 லிட்டர் டீசல் எரித்து 100 கிலோ மீன் கொண்டுவருகிறது என்று வையுங்கள். 20 பெருக்கல் 2.7, மொத்தம் 54 கிலோ. அந்த மீனை உப்பிட்டுக் காயவைத்தால் மூன்றில் ஒரு பங்கு கருவாடாகத் தேறும். அப்படியானால் ஒரு கிலோ கருவாட்டின் மேல் ஏறக்குறைய 1.6 கிலோ கரியமில வாயு ஏறி உட்கார்ந்திருக்கிறது. காயவைத்தது வெயில், அதற்குச் செலவு பூஜ்யம். உப்பு வாலிநோக்கத்திலிருந்து வருகிறது என்றால் அதுவும் பெரிதாக ஒன்றும் இல்லை. இனி சென்னைக்கு அனுப்புவது. ரோட்டில் சுமார் 560 கிலோமீட்டர். நிறைந்து போகிற பெரிய லாரி, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறக்குறைய 100 கிராம் வெளியிடும். உங்கள் ஒரு கிலோவின் பங்கு வெறும் 56 கிராம்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று விளங்கும். சென்னைக்காரர்கள் பொருள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். உங்கள் கருவாட்டில் தூரம் ஒரு பொருட்டே இல்லை, படகின் டீசல்தான் எல்லாம். மீன் கிடைக்காமல் வெறுமனே சுற்றித் திரும்புகிற நாளில் கிலோ கணக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறிவிடும். கடலில் மீன் குறைந்தால் படகு இன்னும் தூரம் போகும், டீசல் கூடும். மேலே சொன்ன சங்காயத்துக்கும் இந்தக் கார்பனுக்கும் உள்ள தொடர்பு இதுதான். இரண்டையும் தனித்தனிக் கட்டமாகப் போட்டது படிவம் எழுதியவருடைய வசதிக்கு.

ஆகவே கார்பன் தடம் தெரியுமா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, மேலே உள்ளதுபோல உங்கள் சொந்த எண்களைப் போட்டுக் கொடுங்கள். குறைவோ கூடுதலோ, கணக்கைக் காட்டுகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கார்பன் நியூட்ரல் என்ற கட்டத்தில் இல்லை என்று போடுங்கள். வெளியிட்ட அளவுக்குச் சமமாக வேறு எங்கோ உறிஞ்சிச் சேமித்துவிட்டோம், கூட்டிக் கழித்தால் பூஜ்யம் என்று சொல்வது அது. அதற்கு முதலில் முழுக் கணக்கு வேண்டும். பிறகு உறிஞ்சியதற்கு அளந்த ஆதாரம் வேண்டும். நாலு வேப்பங்கன்று நட்டோம் என்பதெல்லாம் செல்லாது. நெட் ஜீரோ இன்னும் ஒரு படி கடுமை: முதலில் வெளியிடுவதைக் குறைக்க முடிந்த அளவு குறைத்துவிட்டு, எஞ்சிய கொஞ்சத்தை மட்டும்தான் இப்படிச் சமன் செய்யலாம். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா தனக்கு வைத்துக்கொண்ட இலக்கே 2070ஆம் வருடம். நாடே அத்தனை காலம் கேட்டிருக்கும்போது, வேதாளைக் குழு இந்த வருடமே எட்டிவிட்டதாகக் கையெழுத்துப் போடுவது நன்றாக இருக்காது.

யாராவது வந்து, “நீங்கள் பாசி வளர்க்கிற ஊர்தானே, பாசி கார்பனை உறிஞ்சுமே, அதை வைத்து நியூட்ரல் என்று போடலாம்” என்பார்கள். உறிஞ்சுவது உண்மை. ஆனால் அறுத்த பாசி ஆலைக்குப் போய் பொடியாகி, ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேர்ந்து, யாரோ சாப்பிட்டு, பழையபடி காற்றுக்கே போய்விடுகிறது. சேமிப்பு என்றால் நீண்ட காலம் புதைந்து கிடக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பாக் நீரிணையின் கடற்புல்லும், தொண்டிக்குப் பக்கம் காரங்காட்டில் நிற்கிற அலையாத்தி மரங்களும். அவற்றின் வேரடிச் சேற்றில் கரி நூற்றாண்டுக் கணக்கில் அடங்கிக் கிடக்கும். புளூ கார்பன் என்று சொல்வது இதைத்தான். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற அதே புல்தான், இழுவை மடி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வருகிற அதே புல்தான்.

அடுத்தது பேக்கிங். இங்கேதான் வியாபாரிகள் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் அதிகம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பயோடிகிரேடபிள் என்றால் நுண்ணுயிர்கள் தின்று மக்கச் செய்யக்கூடியது. எத்தனை நாளில், எந்த இடத்தில் என்று அந்த வார்த்தை சொல்வதில்லை. சோளமாவில் செய்த மக்கும் பை என்று மதுரையில் ஒருவர் உங்களிடம் விற்க வந்தால், கம்போஸ்டபிள் என்பதற்கு ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரம் உண்டா, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் பையில் அச்சாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே இருந்தாலும் அந்தத் தரம் பேசுவது உரம் தயாரிக்கிற பெரிய கூடங்களைப் பற்றி. ஏறக்குறைய 58 டிகிரி சூட்டில், ஈரத்தோடு, 180 நாளில் மக்குவது. நம் கடல் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பை கடற்கரையில் பறந்தால் சாதாரணப் பை மாதிரியே கிடக்கும், ஆமை அதையும் தின்னும். இன்னொரு வகை உண்டு. வெயில் பட்டால் உதிர்ந்துவிடும் என்று ஏதோ ஒரு மருந்தைக் கலந்த பிளாஸ்டிக். அது உதிர்கிறது, மக்குவதில்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துகளை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். இந்தப் பை செய்வது ஒரு பெரிய குப்பையைப் பொறுக்க முடியாத பல்லாயிரம் சின்னக் குப்பையாக மாற்றுவதுதான்.

ரீசைக்கிளபிள் என்பதும் ரீசைக்கிள்டு என்பதும் வேறுவேறு. முதலாவது, மறுபடி உருக்கிப் பயன்படுத்த முடியும் என்ற வாய்ப்பு. இரண்டாவது, ஏற்கனவே அப்படி உருக்கிச் செய்தது என்ற நடப்பு. டப்பாவின் அடியில் மூன்று அம்பு சுற்றிய முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்கும். அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டு மறுசுழற்சி ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்கிற எண் மட்டும்தான். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 2 என்றால் கெட்டியான கேன் வகை, 4 மெல்லிய பாலித்தீன், 5 பாலிபுரோப்பிலீன். சிப்ஸ் பாக்கெட் போல உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிற பல அடுக்குப் பையைப் பிரித்தெடுக்க முடியாது, கடைசியில் சிமென்ட் ஆலை அடுப்புக்கோ குப்பைமேட்டுக்கோ போகும். என்னைக் கேட்டால் ஆய்வகத்தைவிட நம் ஊர் பழைய இரும்புக் கடைக்காரர் நம்பகமானவர். அவர் காசு கொடுத்து எடுத்துக்கொண்டால் அது மறுசுழற்சி ஆகிறது. கையைத் திருப்பிக்கொண்டால், பையில் என்ன எழுதியிருந்தாலும் ஆகவில்லை.

உங்களிடம் பனை ஓலைப் பெட்டி இருக்கிறது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டியே ஓலைக்கொட்டானில்தான் வருகிறது. அது சந்தேகமில்லாமல் மக்கும். மண்ணிலும் மக்கும், தண்ணீரிலும் மக்கும், மாடும் தின்னும். கருப்பட்டிக்கு அதையே வையுங்கள், படிவத்தில் தைரியமாக ஆம் போடுங்கள். கருவாட்டுக்கு மட்டும் ஓலை போதாது. ஈரம் ஏறும், வாடை லாரி முழுக்க அடிக்கும், பூஞ்சை பிடித்தால் மொத்தச் சரக்கும் வீண். வீணாய்ப் போன ஒரு கிலோ கருவாட்டோடு அந்த 1.6 கிலோ கார்பனும் பிடித்த மீனும் சேர்ந்து வீணாகிறது. பை மிச்சப்படுத்தினோம் என்று சரக்கைக் கெடுப்பது சூழலுக்கு எந்த நன்மையும் இல்லை. உள்ளே ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கெட்டிப் பை, வெளியே ஓலைப்பெட்டி. படிவத்தில், ‘வெளிப்பெட்டி பனை ஓலை, மக்கும், உள்பை 4ஆம் எண் பாலித்தீன், மக்காது, பழைய பொருள் கடையில் எடுப்பார்கள்’ என்று அப்படியே எழுதுங்கள். மிளகாய்த் தூளுக்கும் அதே பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தடை இருப்பதால், பை வாங்குவதற்கு முன் எது பட்டியலில் வருகிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆர்கானிக். கருவாட்டுக்கு நேராக இல்லை என்று எழுதுங்கள். கடலில் பிடித்த மீனுக்கு அந்தச் சான்றே கிடையாது. மருந்து போடாமல் வளர்த்தோம் என்று சொல்வதற்கு, வளர்த்தது நாம் இல்லையே. மிளகாய்க்கு யோசிக்கலாம். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிலர் அதையே ஆர்கானிக் சான்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். புவிசார் குறியீடு எந்த ஊர் என்று சொல்கிறது, எப்படி விளைந்தது என்று சொல்வதில்லை. யூரியா போட்ட முண்டு மிளகாயும் முண்டு மிளகாய்தான். ஆர்கானிக் என்று பாக்கெட்டில் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளியாள் வந்து சோதிக்கிற என்.பி.ஓ.பி. என்கிற தேசியத் திட்டத்தின் சான்று. ஏற்றுமதிக்கு இது வேண்டும், செலவும் அதிகம். மிளகாய் போன்ற பயிருக்கு, ரசாயனத்தை நிறுத்திய பிறகு இரண்டு வருட மாற்றுக் காலமும் உண்டு. இன்னொன்று, பி.ஜி.எஸ். என்கிற குழுச் சான்று. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் உங்களுக்கு மிளகாய் தருகிறவர்களை இதில் சேரச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கட்டத்தில், ‘சான்று இல்லை, புவிசார் குறியீடு பெற்ற பகுதியில் விளைந்த மிளகாய்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பயன்படுத்துகிறீர்களா என்று ஒரு கேள்வி. வெயிலில் காயவைக்கிறீர்களே, ஆம். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது உலகமே எழுதியது, உங்கள் முற்றத்துக் கருவாட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே வெயில்தான். கருப்பட்டி காய்ச்சப் பனை மட்டையும் சீமைக் கருவேல விறகும் எரிக்கிறார்கள் என்றால் அதுவும் புதுப்பிக்கத்தக்கதில்தான் சேரும், வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம். அதனால் புகை நல்லது என்று ஆகிவிடாது. கரிமூட்டம் போடுகிற ஊர்க்காரர்களின் நெஞ்சைக் கேட்டால் தெரியும். புதுப்பிக்கத்தக்கது என்பது தீராது என்று மட்டும்தான் சொல்கிறது, தீங்கு இல்லாதது என்று சொல்லவில்லை. காய்ச்சுகிற கொட்டகையில் புகைக்கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள். படிவத்தில் அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் பாருங்கள்.

சர்க்குலர் எகானமி என்பதற்கு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றின் கழிவு இன்னொன்றின் மூலப்பொருளாகப் போவது. மீன் குடலும் செதிலும் தென்னைக்கு உரமாகப் போகிறது என்றால் எழுதுங்கள். கடலில் கொட்டுகிறீர்கள் என்றால் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, முதலில் ஒரு உரக்குழி வெட்டுங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஃபேர் டிரேடு என்று இருக்கிறது. உற்பத்தி செய்கிறவருக்கு உழைப்புக்குத் தகுந்த விலை, முன்கூட்டியே பேசிய அடிவிலை, சந்தை சரிந்தாலும் அதற்குக் கீழே போகாத ஒப்பந்தம், காலத்தில் பணம் என்பவை அதில் அடக்கம். உங்கள் குழு பெண்களுக்குக் கூலி எப்படிப் பிரிக்கிறீர்கள், மிளகாய்க்காரருக்கும் பனையேறிக்கும் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஆனால் இந்தக் கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். வாங்குகிற கடையும் இதில் ஒரு கட்சி. படிவத்தைத் திருப்பி அனுப்பும்போது அதன் அடியில் உங்கள் பக்கத்திலிருந்து மூன்று கேள்வி சேர்த்து அனுப்புங்கள்: சரக்கு வந்து எத்தனை நாளில் பணம் போடுவீர்கள், தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது கொள்முதல் விலையை ஏற்றுவீர்களா, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பினால் லாரி வாடகை யார் தலையில்? பதில் எழுத்தில் வந்த பிறகு அம்மா கையெழுத்துப் போடட்டும்.